சசிரேகா கவிழ்த்து வைத்த நல்ல சீட்டு

எங்கள் எஸ்டேட்டில் மே மாதம் லீவு கேட்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நடுவட்டத்துக்குக் கீழே சரிவு முழுக்கத் தேயிலைக் கொழுந்து தளதளவென்று நிற்கும். பறிக்க ஆள் போதாது, ஃபேக்டரி மெஷின் ஓயாது. அந்த நேரத்தில் ஒருவர் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? ஆனால் அப்படி நிற்பவர்களில் வருடா வருடம் நானும் ஒருவன் என்பதால் கொஞ்சம் அடக்கி வாசிப்பேன். என் பெயர் சில்வஸ்டர், ஃபீல்டு ஆபீசர். நான் சொல்ல வந்தது என்னைப் பற்றி அல்ல, எங்கள் ஆபீசில் தொழிலாளர் வருகையைப் பதியும் சசிரேகாவைப் பற்றி.

கொழுந்து பெருகும் மே மாதத்தில் ஸ்டாஃபில் ஒரே ஒருவருக்குத்தான் பத்து நாள் லீவு. முன்பெல்லாம் சர்வீஸ் அதிகம் உள்ளவருக்குக் கொடுத்தார்கள். அதில் வந்த சண்டையில் இரண்டு குடும்பங்கள் ஒரு வருடம் முழுக்க முகத்தைத் திருப்பிக்கொண்டே ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தன. அதைப் பார்த்துச் சலித்துப்போன ஹெட் கிளார்க் சுப்பண்ணன்தான் இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். ஏப்ரல் கடைசி ஞாயிறு மத்தியானம் ஸ்டாஃப் கிளப்பில் ரம்மி. கடைசி வரை நிற்பவருக்கு லீவு. ஆடுகிறவர் யாரும் தனக்கு லீவு எதற்கு என்று முன்கூட்டியே சொல்லக் கூடாது. சொன்னால் ஒருவர் கண்ணைக் கசக்குவார், இன்னொருவர் விட்டுக்கொடுப்பார், அடுத்த வருடம் எல்லோரும் ஆளுக்கொரு கண்ணீர்க் கதையோடு வருவார்கள் என்பது சுப்பண்ணன் கணக்கு. ஜெயித்தவரின் லீவு லெட்டர் மட்டும் தொரையின் மேசைக்குப் போகும். தொரை என்றால் எங்கள் மேனேஜர். இப்படி ஒரு ஏற்பாடு இருப்பது அவருக்குத் தெரியாது. தெரியாது என்று அவரே எங்களிடம் சொல்லியிருக்கிறார்.

சசிரேகாவை நான் தங்கச்சி முறை வைத்துத்தான் கூப்பிடுவேன். சேலைக்கு மேல் பழுப்பு நிற ஸ்வெட்டர், கையில் குடை. அந்தக் குடையைப் பனிமூட்டத்துக்கெல்லாம் விரிக்க மாட்டாள். மழை என்று சொல்லிக்கொள்கிற மாதிரி பெய்ய வேண்டும், அப்போதுதான் அதற்கு மரியாதை. பேச்சும் அதே சிக்கனம்தான். ஆனால் சனிக்கிழமை சாயந்தரம் கிளப்பில் சீட்டுக்கட்டைப் பிரித்துவிட்டால் எங்கள் ஐந்து பேரையும் அவள் பந்தாடுவதைப் பார்க்க வேண்டும்.

சனிக்கிழமை ஆட்டத்துக்குக் காசு கிடையாது, தீக்குச்சிதான். தோற்றவர் கையில் மிஞ்சிய சீட்டை எண்ணி, ஐந்து பாயிண்டுக்கு ஒரு குச்சி என்று ஜெயித்தவருக்குக் கொடுக்க வேண்டும். வந்த சீட்டு பிடிக்கவில்லை என்றால் ஆடாமலே கவிழ்த்து வைத்துவிடலாம். அதற்கு ஸ்கூட்டு என்று பெயர், ஐந்து குச்சியோடு போயிற்று. குச்சி தீர்ந்தால் அலமாரியிலிருந்து இன்னொரு தீப்பெட்டி எடுத்துக்கொள்ளலாம். சசிரேகா சுமாரான சீட்டு வந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஸ்கூட்டு விடுவாள். நாலு முறை, ஐந்து முறை அப்படியே விட்டுக்கொண்டு கொக்கு மாதிரி உட்கார்ந்திருப்பாள். நல்ல சீட்டு ஒன்று வரும். அன்றைக்கு எங்கள் பெட்டியெல்லாம் காலி. அவள் வீட்டில் தீப்பெட்டி வாங்கிப் பல வருடமாயிற்று என்று அவள் கணவர் முத்துராஜ், கூடலூர் ரூட்டில் ஜீப் ஓட்டுகிறவர், எல்லோரிடமும் பெருமையடிப்பார்.

இவ்வளவு பெரிய ஆட்டக்காரி லீவு ஆட்டத்தில் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. பெரும்பாலும் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வெளியே போய்விடுவாள். முதலாவதாகப் போவது யார் என்று கேட்காதீர்கள். எனக்கு வந்த சீட்டைக் கவிழ்க்கவே மனசு வராது. அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையாக, இன்னொரு ராஜா வரும் வரும் என்று காத்திருந்தே நான் தொலைந்துபோவேன்.

"சீட்டே வரலீங்கண்ணா" என்பாள் வருடா வருடம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நானும் வருடா வருடம் கிண்டல் பண்ணுவேன்.

இந்த வருடம் அவளுக்கு அந்த லீவு கண்டிப்பாக வேண்டியிருந்தது. எதற்கு என்று எனக்கு மட்டும் தெரியும். அவளைக் கேட்டால் கல்லுளிமங்கி மாதிரி இருந்திருப்பாள். சொன்னது அவள் அம்மா மாரியாயி. டீ குடிக்கப் போன இடத்தில், எனக்குச் சர்க்கரை போட மறந்து, எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

மாரியாயி இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர். அட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, அங்கேயே கல்யாணமாகி, புருஷன் வீட்டாருக்கு இந்தியப் பாஸ்போர்ட் கிடைத்ததால் கப்பலேறியவர். அவருடைய ஒரே தங்கை கருப்பம்மா வாழ்க்கைப்பட்ட குடும்பத்துக்கு அந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்தது. அதனால் தங்கை அங்கே, அக்கா இங்கே. யாரோ எங்கோ போட்ட கையெழுத்தில் அக்கா தங்கை இரண்டாய்ப் போனார்கள். இதைக் கேட்டு எனக்கு வந்த கோபத்துக்கு யாரை அடிப்பது என்று தெரியவில்லை.

"ரெண்டு வருசத்துல வாறேன்டின்னு சொல்லிட்டுத்தான் தம்பி கப்பல் ஏறுனேன். எங்க வர ஏலும்? இங்க வந்து லயத்துல ஒரு காம்பரா கெடைக்கவே ரெண்டு வருசம் ஆச்சு" என்றார் மாரியாயி. தொழிலாளர் குடியிருப்பின் வரிசை வீடுகளை லயம் என்றும் அதில் ஓர் அறையைக் காம்பரா என்றும்தான் அவர் இன்னும் சொல்வார்.

இப்போது வாட்ஸப்பில் தினமும் இரண்டு பேரும் முகம் பார்த்துக்கொள்கிறார்கள். ஆயுள் முழுக்க லயத்தில் கிடந்த கருப்பம்மாவுக்கு அரசாங்கத் திட்டத்தில் ஒரு தனி வீடு அமைந்திருக்கிறது. மே மாதம் நாள் குறித்தாகிவிட்டது. அக்கா வந்து பால் காய்ச்சினால்தான் குடிபோவேன், இல்லாவிட்டால் வீட்டைப் பூட்டியே வைப்பேன் என்று தங்கை ஒற்றைக் காலில் நிற்கிறார். மாரியாயியின் முழங்கால் படியேறக்கூடக் கெஞ்சும். தனியாக அனுப்ப முடியாது. முத்துராஜுக்குப் பாஸ்போர்ட் இல்லை. ஆக, சசிரேகா போனால்தான் உண்டு.

மறுநாள் ஆபீசில் அவளைப் பிடித்தேன். "ஏனுங்க அம்மிணி, லீவு ஆட்டத்துக்கு இன்னும் நாள் கெடக்குது. கெடைக்காட்டி என்ன பண்ணப் போறீங்க?"

"டிக்கெட் போட்டுட்டனுங்கண்ணா. திருச்சியிலிருந்து ஃப்ளைட்டு."

"இன்னும் பொண்ணே பாக்கல, அதுக்குள்ள பத்திரிகை அடிச்சாச்சா?" என்றேன்.

"இந்தத் தடவை நான்தானுங்க ஜெயிப்பேன்" என்றாள். பெருமையாகச் சொன்ன மாதிரி இல்லை. நாளைக்கு ஊட்டி பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்லுவோமே, அப்படிச் சொன்னாள்.

"அம்மாகிட்ட விசயம் கேட்டேன். நான் நாலு பேர் காதுல போட்டா எல்லாரும் விட்டுக் குடுத்துருவாங்க."

"போட்டீங்கன்னா உங்ககூடப் பேச மாட்டனுங்க. காரணம் சொல்லிப் போறதுன்னா அப்பறம் அந்த ஆட்டம் எதுக்கு? நான் ஆடியே எடுத்துக்கறேன்."

பிறகு, இவ்வளவு பேசினாளா என்று நான் ஆச்சரியப்படும் அளவுக்குப் பேசினாள். "இத்தன வருசமா ஞாயித்துக்கெழமை உக்காந்து சனிக்கெழமை ஆட்டத்தை ஆடிட்டு இருந்தனுங்க. ரெண்டும் ஒரே சீட்டுக்கட்டுதான், ஆனா ஒரே ஆட்டம் இல்லீங்க. சனிக்கெழமை தோத்தா அடுத்த பெட்டி எடுத்துக்கலாம். காத்துட்டு இருந்தா யாரும் வெளிய அனுப்ப மாட்டாங்க. ஞாயித்துக்கெழமை காத்திருக்கறதுக்கே வெலை இருக்குதுங்க."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. லீவு ஆட்டத்தில் குச்சி கைமாறுவதில்லை. ஒவ்வொரு கையிலும், அதாவது ஒவ்வொரு சுற்றிலும், தோற்றவர் பெயரில் பாயிண்ட் ஏறிக்கொண்டே போகும். ஒரு கையில் அதிகபட்சம் எண்பது, ஸ்கூட்டு விட்டால் இருபத்தைந்து. இருநூறைத் தாண்டியவர் எழுந்துவிட வேண்டும், திரும்பி வர வழியில்லை. ஏழெட்டு ஸ்கூட்டு விட்டால் தானாகவே வாசலுக்கு வந்துவிடுவோம். எங்கள் ஊர்க் கொக்கு அங்கேதான் வருடா வருடம் மாட்டிக்கொண்டது.

"அப்ப ஸ்கூட்டே விடமாட்டீங்களா?"

"விடுவேன். விட வேண்டிய எடத்துல விடுவேன்" என்றாள்.

ஞாயிறு பூசை முடிந்து நான் கிளப்புக்குப் போனபோது தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஆறு பேர் வட்டமாக உட்கார்ந்தோம். ஃபேக்டரி ஆபீசர் ராஜரத்தினம் மூன்று வருடமாக விடாமல் ஜெயித்து, பொள்ளாச்சியில் மாமனார் வீட்டில் மாம்பழம் தின்றுவிட்டு ஒரு சுற்றுப் பெருத்து வருகிறவர். டிஸ்பென்சரி நர்ஸ் தபித்தாள் ஊசி போடும்போது கை நடுங்காது, சீட்டு போடும்போதும் நடுங்காது. மீதி நான், சசிரேகா, ஆபீசில் இரண்டு பேர். சுப்பண்ணன் கரும்பலகையில் பாயிண்ட் எழுத நின்றார். வேடிக்கை பார்க்க வீட்டாரும் வரலாம், வாய் திறக்கக் கூடாது. மாரியாயி கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். முத்துராஜ் இருப்புக்கொள்ளாமல் வெளியே போய் ஜீப்பைத் துடைத்தார், அந்த மழையில்.

சசிரேகா ஆடிய விதத்தைப் பார்த்து முதல் கையிலேயே எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். சனிக்கிழமையாக இருந்தால் தூக்கி எறிந்திருக்கும் சீட்டையெல்லாம் வைத்து ஆடினாள். ரம்மியில் ஜோக்கர் இல்லாத ஒரு வரிசை, நாங்கள் ஒரிஜினல் என்போம், அது கையில் சேர்ந்திருக்க வேண்டும். சேரவில்லை என்றால் மற்ற சீட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் முழுசாக எண்பதும் தலையில் விழும். அவள் முதலில் ஒரிஜினலைச் சேர்த்தாள், பிறகு ராஜா ராணியையெல்லாம் தயவு பார்க்காமல் கீழே விட்டாள். ஜெயிக்காத கையிலும் பத்து, பன்னிரண்டு என்றுதான் அவள் பெயரில் ஏறியது. ஸ்கூட்டு விட்டிருந்தால் இருபத்தைந்து. ஆடித் தோற்பது ஆடாமல் இருப்பதைவிட மலிவு என்று அதுவரை எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

நான் வழக்கம்போல் முதலில் எழுந்தேன். சரி, யாராவது வாசலைத் திறந்துவைக்க வேண்டாமா? எழுந்து போய் சசிரேகாவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். ஆபீஸ்காரர்கள் இருவரும் அடுத்தடுத்து வந்து என்னோடு சேர்ந்தார்கள்.

மூன்று பேர் மிஞ்சினார்கள். ராஜரத்தினம் பெயரில் நூற்று எண்பத்துநான்கு. தபித்தாள் நூற்று எண்பத்தெட்டு. இந்த இரண்டு பேரும் இனி ஸ்கூட்டு விட முடியாது, விட்டால் இருநூறைத் தாண்டிவிடும். எது வந்தாலும் ஆடியே ஆக வேண்டும். சசிரேகா நூற்று ஐம்பது. அவளுக்கு இன்னும் ஒரு ஸ்கூட்டுக்கு இடம் இருந்தது.

ராஜரத்தினம் சீட்டுப் போட்டார். சசிரேகா விரித்ததைப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். மூன்று ஜோக்கர். மூன்று ராணி. இரண்டு பத்து. இப்படி ஒரு கை எனக்கு வந்திருந்தால் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றியிருப்பேன். மாரியாயிக்கு ரம்மி தெரியாது, அவர் அறிந்தது இலங்கையில் ஆடும் முந்நூற்றுநாலு என்ற சீட்டாட்டம் மட்டும். ஆனால் என் மூஞ்சியைப் பார்த்தே நல்ல சீட்டு என்று கண்டுபிடித்துவிட்டார், கை தானாகக் கும்பிட்டது.

சசிரேகா சீட்டைப் பார்த்தாள். பிறகு ராஜரத்தினத்தையும் தபித்தாளையும் பார்த்தாள். கரும்பலகையைப் பார்த்தாள். பதின்மூன்று சீட்டையும் சேர்த்து மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"ஸ்கூட்டு."

"பாத்துத்தான் சொல்றீங்களா அம்மிணி?" என்றார் சுப்பண்ணன்.

"பாத்துத்தானுங்க."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவள் குடையை எடுத்து அவள் தலையிலேயே போடலாமா என்றிருந்தது. மூன்று ஜோக்கரைக் கவிழ்த்து வைக்கிற மனுஷி உலகத்தில் உண்டா? மாரியாயி என்னைப் பார்த்தார். நான் உதட்டைப் பிதுக்கினேன். அந்தக் கிழவியின் கும்பிட்ட கை மெதுவாக மடியில் இறங்கியது.

சுப்பண்ணன் நூற்று எழுபத்தைந்து என்று எழுதினார். மற்ற இரண்டு பேரும் ஆட ஆரம்பித்தார்கள், வேறு வழியில்லாமல். அந்த ஆட்டத்தைப் பார்க்கப் பார்க்கத்தான் என் ஆத்திரம் இறங்கியது. அவள் கையில் ஜோக்கர் இருந்தது, ஒரிஜினலுக்கு ஒரு முளைகூட இல்லை. ஆடி, வேறு யாராவது முந்தியிருந்தால் எண்பது விழுந்து அவள் கதை முடிந்திருக்கும். ஆடாமல் ஒதுங்கியதால், இரண்டு பேரும் அவளை விட்டுவிட்டு ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டார்கள். சனிக்கிழமையாக இருந்தால் அவளும் அந்தக் கையை ஆடித்தான் இருப்பாள், தோற்றால் போகிறது பதினாறு குச்சி. இங்கே தோற்றால் அம்மாவின் பயணம்.

தபித்தாள் ஏழு ஒன்றை எடுத்துச் சொருகி ஆட்டத்தை முடித்தார். ராஜரத்தினம் சீட்டை விரித்து எண்ணினார். எண்ணி முடிக்கத் தேவையில்லாமல் போயிற்று. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு, "பொள்ளாச்சி மாம்பழம் இந்த வருசம் தப்பிச்சுதுங்க" என்று சிரித்தார். நல்ல மனுஷன்தான், ஜெயிக்கும்போதுதான் தாங்க முடியாது.

மிஞ்சியது இருவர். முதல் கையைத் தபித்தாள் சடாரென்று முடித்தார். ஆனால் சசிரேகா சின்னச் சீட்டாகவே வைத்திருந்தாள், பதினொன்றுதான் ஏறியது. நூற்று எண்பத்தாறு. ஒரு கை தோற்றும் உட்கார்ந்திருக்கிறாள் என்றால், ஸ்கூட்டில் வாங்கிய இடம்தான் அது. ஜோக்கர்களை வைத்து ஆடித் தோற்றிருந்தால் அவளும் எங்களோடு பின்னால் நின்று வேடிக்கை பார்த்திருப்பாள்.

அடுத்த கையில் ஒரிஜினல் சேர்ந்தே வந்தது. மற்றதெல்லாம் ஒன்றொன்றாக அடைந்தது. கடைசியாகக் கிளாவர் ஆறு ஒன்று வர வேண்டும். கூரையில் மழைச் சத்தம் மட்டும். தபித்தாள் ஒரு சீட்டைக் கீழே விட்டார். ஆறு இல்லை. சசிரேகா கட்டிலிருந்து எடுத்தாள். அதுவும் இல்லை, விட்டாள். தபித்தாள் மறுபடி விட்டார். கிளாவர் ஆறு.

அவள் அதை எடுத்த வேகம், பல வருடமாக அங்கேயே வைத்துவிட்டு வந்த தன் சாமானை எடுப்பது போல இருந்தது. சீட்டை விரித்து வைத்தாள். சுப்பண்ணன் குனிந்து சரிபார்த்துவிட்டு, தபித்தாள் கையை எண்ணி, இருநூறு தாண்டிவிட்டது என்று தலையை ஆட்டினார்.

நான் கத்திய கத்தலில் முத்துராஜ் ஈரத் துணியோடு உள்ளே ஓடிவந்தார். மாரியாயிக்கு மட்டும் இன்னும் விளங்கவில்லை. "என்ன புள்ள, ஏலாமப் போச்சா?" என்று கேட்டார்.

"போறோம்மா" என்றாள் சசிரேகா.

லீவு லெட்டரில் காரணம் எழுத வேண்டும். அவள் எழுதியதைச் சுப்பண்ணன் உரக்கப் படித்தார். தாயாருடன் இலங்கை சென்று சிற்றன்னை வீட்டுக் குடிபுகுதலில் கலந்துகொள்ள. தபித்தாள் எழுந்து வந்து சசிரேகாவின் தோளைப் பிடித்தார். "ஏன் கண்ணு, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஆட்டத்தையே விட்டிருப்பேனே."

"அதுக்குத்தானுங்கக்கா சொல்லல" என்றாள்.

ராஜரத்தினத்துக்கு வேறு ஒரு கேள்வி. கவிழ்த்து வைத்த சீட்டு என்னவென்று அவளிடம் கேட்டார். நான்தான் சொன்னேன். மூன்று ஜோக்கர் என்றதும் அந்த மனுஷன் எழுந்து போய்க் கரும்பலகைக் கணக்கை முதலிலிருந்து படித்தார்.

மே மாதம் எங்களுக்கு நாக்குத் தள்ளியது. சசிரேகா வேலையையும் நானே பார்த்தேன், திட்டிக்கொண்டேதான் பார்த்தேன். ஒருநாள் காலையில் கொழுந்து எடை போட்டுக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. வீடியோ கால். எடைத் தராசுக்குப் பக்கத்திலேயே நின்று எடுத்தேன், தபித்தாளும் ராஜரத்தினமும் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்கள்.

பச்சை மலை, புது வெள்ளையடித்த சுவர், எங்கள் மலை போலவேதான் இருந்தது. அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. மாரியாயியும் அவரைப் போலவே மூக்கும் நெற்றியும் வாய்த்த இன்னொரு கிழவியும் ஒரே கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், நான்தான் கிண்டுவேன் என்று சண்டை வேறு. சசிரேகா போனைத் திருப்பிக் காட்டி, "சின்னம்மா, இவங்கதான் எங்க ஆபீஸ்காரங்க" என்றாள்.

கருப்பம்மா கரண்டியை விடாமலே எங்களைப் பார்த்தார். அக்காவை ஒரு இடி இடித்தார்.

"ரெண்டு வருசத்துல வாறேன்னு சொல்லிட்டுப் போனவ தம்பி இவ. இப்பத்தான் லீவு குடுத்தீங்களா?"